3டிஎஸ், வீ யூ கையில வச்சிருக்கீங்களா? இன்னைக்கே ஆரம்பிக்க வேண்டிய பாதுகாப்பு வேலை, முழு வழிகாட்டி

2023 மார்ச் 27ல நிண்டெண்டோ கம்பெனியோட கேம் மெஷினான 3டிஎஸ், வீ யூ ரெண்டுக்குமான ஈஷாப்ல (ஆன்லைன் கடை) புதுசா எதுவும் வாங்க முடியாதபடி மூடிட்டாங்க. அடுத்த வருஷம் 2024 ஏப்ரல் 8ல ஆன்லைன்ல சேர்ந்து ஆடுறதும் நின்னுபோச்சு. இன்னும் பாக்கி இருக்கிறதுல முக்கியமானது, ஏற்கனவே காசு குடுத்து வாங்கினதை மறுபடி டவுன்லோடு பண்ற வசதி. அதுவும் இப்போதைக்கு உண்டுன்னுதான் சொல்லியிருக்காங்க, தேதி எதுவும் சொல்லல. இதே கம்பெனியோட பழைய வீ மெஷினுக்கான வீ ஷாப் 2019 ஜனவரி 30ல மூடினப்பவும் மறுடவுன்லோடு வசதியை விட்டு வச்சாங்க, ஆனா 2022ல அது திடீர்னு பல மாசம் படுத்துருச்சு, அப்புறமாத்தான் திரும்பி வந்துச்சு. அடுத்த தடவையும் திரும்பி வரும்னு நம்பி உட்கார்ந்திருக்க வேணாம்.

நான் இந்த ரெண்டு மெஷினையும் வச்சே எழுதுறேன், ஏன்னா நான் வருஷக்கணக்கா கையில வச்சு நோண்டினது இதுதான். பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 வச்சிருக்கவங்களுக்கும் வரிசை இதேதான், டூல் பேரு மட்டும் மாறும். கடைசியில அதைப்பத்தி கொஞ்சம் சொல்றேன்.

வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல தெளிவா இருக்கணும். "கேமை சேவ் பண்ணி வைக்கணும்"னு சொல்றோமே, அது ஒரே பொருள் இல்ல. கேமோட ஃபைல் ஒன்னு, அதுக்கப்புறம் வந்த அப்டேட்டும் டிஎல்சியும் (தனியா வந்த கூடுதல் பகுதி) ஒன்னு, அந்த ஃபைலைத் திறக்கிற சாவி ஒன்னு (இது உங்க மெஷினுக்குள்ள மட்டும்தான் இருக்கும், ஒவ்வொரு மெஷினுக்கும் வேற வேற), உங்க சேவ் டேட்டா ஒன்னு, கடைசியா கம்பெனியோட சர்வர்ல ஓடுற பாதி. இதுல டிஸ்க்கும் கேட்ரிட்ஜும் ரொம்ப நாள் தாங்கும். சாவி மெஷின் செத்தா கூடவே போயிரும். சர்வர்ல இருக்கிற பாதி அவங்க ஸ்விட்சை அணைச்ச அந்த நிமிஷமே போயிரும். அதனால அலமாரில அழகா அடுக்கி வைக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம், எது முதல்ல சாகுமோ அதை முதல்ல காப்பாத்தணும். கீழ இருக்கிற வரிசை அப்படித்தான் போட்டிருக்கேன், தயவுசெஞ்சு வரிசையை மாத்தாதீங்க.

1. சர்வரை நம்பி இருக்கிறதை முதல்ல வெளிய எடுங்க

ஒரு நோட்டு எடுங்க. மெஷினோட சீரியல் நம்பர், எந்த ரீஜன் (எந்த நாட்டுப் பகுதிக்காக செஞ்சது), எந்த நிண்டெண்டோ நெட்வொர்க் ஐடி, பாஸ்வேர்டு, என்னென்ன கேம் டிஜிட்டலா வாங்கினீங்க எல்லாத்தையும் எழுதுங்க. ஈஷாப்புக்குள்ள போனா நீங்க பழைய காலத்துல வாங்கின லிஸ்ட் தெரியும், அதைப் பாத்துப் பாத்து ஒவ்வொன்னா டவுன்லோடு பண்ணுங்க. கேம் மட்டும் போதாது, அப்டேட்டும் இறக்கணும், டிஎல்சியும் இறக்கணும். நிறைய கேம் முதல் நாள் வந்த வெர்ஷன்ல பக் நிறைய இருக்கும், அப்டேட்லதான் சரியாகியிருக்கும், கேட்ரிட்ஜ்ல இருக்கிறது பெரும்பாலும் அந்த பழைய வெர்ஷன்தான். "என்கிட்ட கேட்ரிட்ஜ் இருக்கே"ன்னு நிம்மதியா இருக்கவங்க இதை கவனிங்க.

3டிஎஸ்ல போக்கிமான் ஆடினவங்களுக்கு இன்னொரு அவசரம் இருக்கு. போக்கிமானைச் சேர்த்து வைக்கிற போக்கிமான் பேங்க் சேவை இன்னும் ஓடுது, ஈஷாப் மூடினதுல இருந்து இலவசமாவும் ஆக்கிட்டாங்க. பத்து பதினஞ்சு வருஷமா வளர்த்த போக்கிமான் பழைய கேட்ரிட்ஜ்ல கிடந்தா அதை பேங்க் வழியா புது சேவையான போக்கிமான் ஹோமுக்கு ஏத்துறதுக்கு இருக்கிற அதிகாரப்பூர்வ வழி அது ஒன்னுதான், ஹோமுக்குப் போனது 3டிஎஸ்க்கு திரும்பி வராது. அனுப்பறதா வேணாமான்னு முடிவு பண்ணிட்டு, அனுப்பறதா இருந்தா இந்த வாரமே அனுப்புங்க.

2. சாவியை எடுங்க (இந்த வழிகாட்டில ஒன்னே ஒன்னு மட்டும் பண்றதா இருந்தா இதைப் பண்ணுங்க)

நிறைய பேரு எஸ்டி கார்டை அப்படியே கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணிட்டு பேக்கப் முடிஞ்சதுன்னு நினைச்சிருக்காங்க. எஸ்டி கார்டுல இருக்கிற "நிண்டெண்டோ 3டிஎஸ்" ஃபோல்டர் முழுக்க பூட்டின நிலையில இருக்கும், அதைத் திறக்கிற சாவி மெஷினோட உள் மெமரில மூவபிள்.செட்னு ஒரு ஃபைல்ல இருக்கு. மெஷின் செத்தாலும் போச்சு, செட்டிங்ஸ்ல போய் சிஸ்டம் ஃபார்மேட் குடுத்தாலும் போச்சு, சாவி மாறிரும், அப்புறம் அந்த ஃபோல்டர் வெறும் குப்பை. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி விக்கிறதுக்காக ஃபார்மேட் பண்ணிட்டு, கார்டுதான் பத்திரமா இருக்கேன்னு நினைச்சுட்டான், அவன் ஸ்கூல் படிக்கும்போது கட்டின அனிமல் கிராசிங் ஊரு அதுலதான் இருந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் அதைத் திறக்க வழியில்ல.

சாவியை எடுக்க மெஷின்ல ஹோம்ப்ரூ (கம்பெனி குடுக்காத, ரசிகர்கள் எழுதின சாஃப்ட்வேர்) போடணும். 3டிஎஸ்க்கு கடைசியா வந்த ஃபர்ம்வேர் (மெஷினோட சிஸ்டம் சாஃப்ட்வேர்) 11.17, அதுலயும் இது முடியும். 3டிஎஸ் ஹேக்ஸ் கைடுன்னு தேடுங்க, அங்க படிப்படியா இருக்கு, அதை அப்படியே ஃபாலோ பண்ணுங்க, யூட்யூப் வீடியோ பாத்து பண்ணாதீங்க, வீடியோ பழசாகிப் போயிருக்கும், வழிமுறை மாறியிருக்கும், நடுவுல ஒரு ஸ்டெப் மாறினா மெஷினே போகலாம். போட்டு முடிச்சதும் ஹோம்ப்ரூவை ஓட்டுற லூமா3டிஎஸ்ஸும், உள்ள இருக்கிற ஃபைலை எடுக்கிற காட்மோடு9ம் வந்திரும். ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஆன் பண்ணா காட்மோடு9 திறக்கும், அதோட ஸ்கிரிப்ட்ல சிஸ்நேண்ட் பேக்கப்னு (உள் மெமரியோட முழு காப்பி) இருக்கிறதை ஓட்டுங்க. பழைய 3டிஎஸ்ல 1 ஜிபிக்கு கொஞ்சம் குறைவாவும் நியூ 3டிஎஸ்ல 1.2 ஜிபி அளவுலயும் ஒரு ஃபைல் வரும், கூடவே எசென்ஷியல்.எக்ஸிஎஃப்எஸ்னு (essential.exefs) ஒரு சின்ன ஃபைலும் எடுத்துக்கணும். ரெண்டையும் கம்ப்யூட்டருக்கு மாத்துங்க. ஃபைல் பேருல மெஷினோட சீரியல் நம்பரை சேர்த்துருங்க, வீட்டுல ரெண்டு 3டிஎஸ் இருந்தா எது எதோடதுன்னு அஞ்சு வருஷம் கழிச்சு சத்தியமா ஞாபகம் இருக்காது.

வீ யூவுக்கு கடைசி ஃபர்ம்வேர் 5.5.6, அதுல அரோமான்னு ஒரு ஹோம்ப்ரூ போடலாம். போட்டதும் நேண்ட் டம்பர்னு ஒரு டூல் இருக்கு, அது ஓடிபி, சீப்ராம் (சாவி இருக்கிற இடம்), எஸ்எல்சி (உள் மெமரி) எல்லாத்தையும் எஸ்டி கார்டுல எழுதித்தரும். இதுல ஓடிபியும் சீப்ராமும் ரொம்ப ரொம்ப சின்ன ஃபைல், ஒரு மெயில்ல அட்டாச் பண்ற அளவுகூட இல்ல, ஆனா உங்க மெஷினோட மொத்த உயிரும் அதுலதான். வீ யூல யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் போட்டு கேம் ஏத்தியிருந்தா அந்த டிஸ்க்கும் இதே சாவியில பூட்டினதுதான், இன்னொரு வீ யூல மாட்டினா ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும், தெரியாம ஓகே குடுத்தா எல்லாம் போச்சு.

வீ யூ வச்சிருக்கவங்க இதைத் தள்ளிப் போடவே கூடாதுங்கிறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. இந்த மெஷின்ல உள் மெமரி சிப்பு கெட்டுப்போறது தெரிஞ்ச வியாதி, 160-0103னு ஒரு எரர் வந்து நிக்கும். அந்த நிலைமைக்குப் போனாலும் யூடிபிஐஹெச்னு ஒரு வழியில, ராஸ்பெர்ரி பை பிகோங்கிற சின்ன போர்டை யூஎஸ்பில மாட்டி ரெகவரி மெனுவைத் திறக்கலாம், மெமரி சிப்புக்குப் பதிலா ஒரு சின்ன போர்டை சால்டர் பண்ணி எஸ்டி கார்டை வச்சு உயிர் குடுத்தவங்களும் இருக்காங்க. ஆனா கையில முன்னாடியே சாவி இருந்தா அந்த வேலை பாதியா குறையும்.

3. கேமை டம்ப் பண்ணுங்க (காப்பி எடுங்க), சரியா வந்துச்சான்னு பாருங்க

3டிஎஸ் கேட்ரிட்ஜை மாட்டிட்டு காட்மோடு9ல கேம்கார்ட்னு தெரியிற டிரைவுக்குள்ள போனா முழு கேமையும் ஒரு ஃபைலா காப்பி எடுக்கலாம். வீ யூவுக்கு டம்ப்ளிங்னு ஒரு ஆப் இருக்கு, டிஸ்க், டிஜிட்டல் கேம், அப்டேட், டிஎல்சி, சேவ் எல்லாத்தையும் எஸ்டி கார்டுக்கோ யூஎஸ்பிக்கோ எடுத்துக் குடுக்கும், அதை அப்படியே கம்ப்யூட்டர்ல செமு எமுலேட்டர்ல (வீ யூ மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்) போட்டு ஆடலாம். செமு 2022ல ஓப்பன் சோர்ஸ் ஆயிருச்சு, அதனால யாரோ ஒருத்தர் விட்டுட்டுப் போனாலும் வேற யாராவது எடுத்துப் பண்ண முடியும். 3டிஎஸ்க்கு இருந்த சிட்ரா எமுலேட்டர் 2024 மார்ச்ல நிண்டெண்டோ கேஸ் செட்டில்மென்ட்டோட நின்னுபோச்சு, அதோட கோடுல இருந்து வந்ததுதான் இப்ப இருக்கிற அசஹார். எந்த எமுலேட்டரா இருந்தாலும் இன்ஸ்டாலரோட ஒரு காப்பியை உங்க டிஸ்க்லயே போட்டு வச்சுக்கங்க, இன்னைக்கு இருக்கிற டவுன்லோடு பேஜ் நாளைக்கு இருக்கும்னு இல்ல.

டம்ப் பண்ணிட்டோம்னு விட்டுறாதீங்க. கேட்ரிட்ஜ் காப்பியோட ஹாஷை (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) சரியான காப்பிகளோட ஹாஷ் இருக்கிற நோ-இன்ட்ரோ லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாருங்க, ஒத்துப்போனா உங்க காப்பி சுத்தம். ஒத்துப்போகலேன்னா கேட்ரிட்ஜ் பின்னை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைச்சுட்டு மறுபடி எடுத்துப் பாருங்க. முக்கால்வாசி நேரம் அழுக்குதான் காரணம்.

சட்டம் பத்தி எல்லாரும் கேப்பாங்க. இந்தியாவுல பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தோட 52(1)(aa) பிரிவு, கம்ப்யூட்டர் புரோகிராமை முறையா வச்சிருக்கவங்க இழப்பு, சேதத்துல இருந்து காப்பாத்திக்க பேக்கப் காப்பி எடுத்துக்கலாம்னு சொல்லுது. 2012ல சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறணுங்கிற எண்ணத்தோட பூட்டை உடைக்கிறதைக் குற்றம்னு சொல்லுது. நான் வக்கீல் இல்ல, நான் கடைபிடிக்கிறது இதுதான்: நான் வாங்கினதை மட்டும் எடுப்பேன், எடுத்ததை யாருக்கும் அனுப்ப மாட்டேன். நீங்க வேற நாட்டுல இருந்தா அங்க சட்டம் வேற, பாத்துக்கங்க.

4. சேவ் டேட்டா

3டிஎஸ்ல செக்பாயிண்ட், வீ யூல சேவ்மி. ரெண்டுமே ஒவ்வொரு கேமோட சேவையும் பூட்டு இல்லாத ஃபைலா எடுத்துத் தரும். கேமையாவது உலகத்துல வேற யாராவது வச்சிருப்பாங்க, உங்க தங்கச்சி பேரு போட்ட அந்த ஸ்லாட்டை வேற யாரும் வச்சிருக்க மாட்டாங்க.

5. சர்வர்ல இருந்த பாதி

இதுதான் கஷ்டமான இடம். டவுன்லோடு பண்ண கேமை ஆயுசுக்கும் வச்சிருக்கலாம், ஆனா ஸ்பிளாட்டூன் மாதிரி ஆன்லைன் கேம்ல எதிர்ல ஆள் கண்டுபிடிச்சுக் குடுக்கிற வேலை கேமுக்குள்ள இல்லவே இல்ல, அது கம்பெனி சர்வர்ல இருந்துச்சு, அந்த கோடு நம்ம கைக்கு எப்பவும் வந்ததே இல்ல. அதனால அதைத் திரும்பக் கட்டணும்னா கேமும் சர்வரும் உயிரோட இருக்கும்போது ரெண்டும் என்ன பேசிக்குதுன்னு ஒட்டுக் கேட்டுப் பதிஞ்சு வைக்கணும். பிரிடெண்டோன்னு ஒரு குழு இதைத்தான் பண்ணாங்க. ஹோகாகுசிடிஆர், ஹோகாகுகேஃபேன்னு ரெண்டு டூல் குடுத்து, சர்வர் மூடறதுக்கு முன்னாடி உங்க கேமை ஆடி அந்த டிராஃபிக்கைப் பிடிச்சு அனுப்புங்கன்னு கேட்டாங்க. அப்படி சாதாரண ஆளுங்க வீட்டுல உக்காந்து பிடிச்சு அனுப்பின பதிவுகளும் சேர்ந்துதான் இன்னைக்கு அவங்க சர்வரைக் கட்டிக்கிட்டிருக்காங்க.

உங்க மெஷின்ல இதை சேர்க்கிறது சுலபம். 3டிஎஸ்ல நிம்பஸ்னு ஒரு ஆப், வீ யூல அரோமாவுக்குள்ள இன்கேன்னு ஒரு பிளகின். போட்டுட்டு பிரிடெண்டோவுல புதுசா ஒரு ஐடி எடுத்தா போதும். ஸ்பிளாட்டூன், மரியோ கார்ட் 7 எல்லாம் ஆடலாம், எல்லா கேமும் முழுசா வேலை செய்யாது, இன்னும் பீட்டாதான். பழைய வீ வச்சிருந்தா வீம்ஃபின்னு ஒரு மாற்று சர்வர் இருக்கு, 2014 மே 20ல நிண்டெண்டோ வைஃபை கனெக்‌ஷன் மூடினதுல இருந்து மரியோ கார்ட் வீயை அவங்கதான் ஓட்டுறாங்க. முதல் எக்ஸ்பாக்ஸுக்கு இன்சிக்னியா. ட்ரீம்காஸ்ட்டுக்கு ட்ரீம்பை, ஒரு ராஸ்பெர்ரி பையும் யூஎஸ்பி மோடமும் சேர்ந்து அந்தக் காலத்து டயல்-அப் கம்பெனி மாதிரி நடிக்கும், அதைப் பாத்த அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

இன்னும் உயிரோட இருக்கிற கேம் எதையாவது நீங்க நேசிக்கிறீங்கன்னா, மூடப் போறதா அறிவிப்பு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அந்த கேமுக்கு மாற்று சர்வர் கட்டுறவங்க இருக்காங்களான்னு இப்பவே தேடி, என்ன பதிவு வேணும்னு அவங்ககிட்ட கேளுங்க. யூபிசாஃப்ட்டோட தி க்ரூ 2014ல வந்த கார் கேம், ஒத்தை ஆளா ஆடுறதுக்கும் சர்வர் வேணும், 2024 மார்ச் 31ல சர்வரை அணைச்சதும் டிஸ்க் வச்சிருந்தவங்களுக்கும் ஒன்னும் இல்லாம போச்சு. ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்னு ராஸ் ஸ்காட் ஆரம்பிச்ச இயக்கம் அதுல இருந்து பொறந்ததுதான், ஐரோப்பாவுல 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டுச்சு. ரசிகர்கள் கட்டின மாற்று சர்வர் 2025ல வந்துச்சு, அதுவரைக்கும் ஒன்றரை வருஷம் அந்த கேம் இல்லவே இல்ல.

கம்பெனியால முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் சர்வரை 2024 ஜனவரி 31ல அணைக்கிறதுக்கு முன்னாடி பெரும்பாலான மோடை ஆஃப்லைன்ல ஆட விட்டு ஒரு அப்டேட் குடுத்தாங்க. நாக்அவுட் சிட்டி 2023 ஜூன்ல மூடினப்ப, ஆளுங்களே சர்வர் வச்சு ஓட்டிக்கிற பிசி வெர்ஷனைக் கையில குடுத்துட்டுப் போனாங்க. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012ல மூடினது, ரசிகர்கள் ஓட்டின ஹோம்கமிங் சர்வருக்கு 2024 ஜனவரில கம்பெனியே லைசன்ஸ் குடுத்துச்சு. இது மூணும் நடந்த விஷயம்.

6. ஆடுறதைப் படம் பிடிங்க

சர்வரைத் திரும்பக் கட்டினாலும் அந்தக் கூட்டம் திரும்பி வராது. அதனால உயிரோட இருக்கிற ஆன்லைன் கேமை வீடியோ எடுங்க, லாபி, சாட், ஈவென்ட், மெனு, பேசிக்கிட்டே ஆடுறது எல்லாம். ஆடுறவங்களே லெவல் கட்டி ஏத்துற சூப்பர் மரியோ மேக்கர் கேம்ல, வீ யூல 2021 மார்ச் 31க்கு அப்புறம் புது லெவல் ஏத்த முடியாது. யாருமே ஜெயிக்காத லெவல் ஒன்னுகூட மிச்சம் இல்லாம முடிச்சிரணும்னு டீம் 0%னு ஒரு கூட்டம் சர்வர் மூடறதுக்குள்ள ராத்திரி பகலா ஆடினாங்க. கடைசியா நின்ன ஒரு லெவல், டிரிம்மிங் தி ஹெர்ப்ஸ், அதைப் போட்டவரே அதை மனுஷக் கையால முடிக்கல, டூல் வச்சு முடிச்சுத்தான் ஏத்தினேன்னு ஒத்துக்கிட்டார். அப்படியும் ஒருத்தர் விடாம 2024 ஏப்ரல் 5ல, மூடறதுக்கு மூணு நாள் முன்னாடி, கையாலயே முடிச்சார். லைவா ஓடின வீடியோ இருக்கிறதாலதான் இந்தக் கதையை இன்னைக்கு உங்களுக்கு சொல்ல முடியுது, லெவல் ஃபைலை மட்டும் வச்சு இதைச் சொல்ல முடியாது.

7. மெஷினைப் பாத்துக்கிறது

பேட்டரிதான் முதல் எதிரி. 3டிஎஸ்ஸும் வீ யூ கேம்பேடும் லித்தியம் பேட்டரி, சுத்தமா இறங்கின நிலையில வருஷக்கணக்கா போட்டு வச்சா செத்துரும், சில சமயம் உப்பி பின்மூடியைத் தூக்கிரும். பாதி சார்ஜ்ல வச்சு மூணு மாசத்துக்கு ஒருதரம் எடுத்துப் பாருங்க, உப்பியிருந்தா குத்தாம அழுத்தாம கழட்டி ஈவேஸ்ட் எடுக்கிற இடத்துல குடுங்க.

கேம்பேடை உயிரா பாத்துக்கங்க. அது இல்லாம வீ யூவை புதுசா செட்டப் பண்ண முடியாது, வேற ரீஜன் கேம்பேட் சேராது.

நம்ம ஊர்ல இருக்கிற வீ யூ, 3டிஎஸ் நிறைய அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வந்தது. அதோட அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும்தான், நம்ம 230 வோல்ட் பிளக்ல நேரா சொருகினா அடாப்டர் புகைஞ்சிரும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்க, இல்லேன்னா அதே வோல்ட், ஆம்ப் அவுட்புட் குடுக்கிற 230 வோல்ட் அடாப்டர் வாங்குங்க. கடலோர ஊர்ல இருக்கவங்க உப்புக் காத்துக்கு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, மாசத்துக்கு ஒருதரமாவது எடுத்து ஓட்டுங்க.

மத்த மெஷின் வச்சிருக்கவங்களுக்கு சுருக்கமா. பிஎஸ்3, பிஎஸ்4க்குள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்னு கடிகாரத்துக்காக இருக்கு. பிஎஸ்4ல அது செத்து, கூடவே பிஎஸ்என்னும் (சோனியோட ஆன்லைன் சேவை) கிடைக்காம போனா டிஸ்க் கேம்கூட ஆட முடியாத நிலைமை இருந்துச்சு, 2021ல வந்த 9.00 அப்டேட்ல அதை சரி பண்ணாங்க, பழைய ஃபர்ம்வேர்ல வச்சிருந்தா ஏத்திக்கங்க. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29ல மூடியாச்சு, வாங்கினதை இறக்க முடியிற வரைக்கும் இறக்குங்க. கழட்டி மாட்டுற டிரைவ் இருக்கிற பிஎஸ்5ல, டிரைவை முதல் தடவை மாட்டும்போது இன்டர்நெட் வேணும், அதை இப்பவே முடிச்சு வைங்க. ஸ்விட்ச் 2 கேம் வாங்கும்போது அட்டையில கேம்-கீ கார்டுன்னு போட்டிருந்தா அந்த கார்டுல கேம் இல்ல, சாவி மட்டும்தான். ஒரே கேம் ரெண்டு மாதிரி கிடைச்சா கேம் உள்ள இருக்கிறதை வாங்குங்க, காசு கொஞ்சம் கூடுனாலும் பரவால்ல.

8. எங்க வைக்கிறது

மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகை டிஸ்க், ஒன்னு வேற வீட்டுல. நான் ஒன்னை கம்ப்யூட்டர்லயும், ஒன்னை வெளி ஹார்டு டிஸ்க்லயும், ஒன்னை அக்கா வீட்டுலயும் வச்சிருக்கேன். எஸ்எஸ்டி, பென்டிரைவ், எஸ்டி கார்டை மட்டும் நம்பி பீரோவுல பூட்டி வைக்காதீங்க, கரண்ட் படாம வருஷக்கணக்கா கிடந்தா அதுல டேட்டா மெதுவா கரைஞ்சு போகலாம், சுத்துற ஹார்டு டிஸ்க் இதுல கொஞ்சம் பரவால்ல. சாவி ஃபைலை மட்டும் தனியா கிளவுட்லயும் போட்டு வைங்க, யாருக்கும் ஷேர் ஆகாம.

எல்லா ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு கூடவே வைங்க. ஆறு மாசத்துக்கு ஒருதரம் மறுபடி ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்க, ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த காப்பி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், நல்லா இருக்கிற காப்பில இருந்து மாத்திக்கலாம். நான் இதை ஆடிலயும் தைலயும் பண்றேன், மாசம் மறக்காது.

கடைசியா, மெஷின் வைக்கிற டப்பாவுக்குள்ள ஒரு பேப்பர் போடுங்க. பேனால எழுதுங்க, பிரிண்ட் வேணாம்னு இல்ல, ஆனா கெட்டியான பேப்பரா இருக்கட்டும். இந்த மெஷினோட சீரியல் நம்பர் என்ன, இதோட சாவி ஃபைல் பேரு என்ன, எந்த டிஸ்க்ல எந்த ஃபோல்டர்ல இருக்கு, அடாப்டர் எத்தனை வோல்ட், கடைசியா ஆன் பண்ணிப் பாத்த தேதி என்ன. நீங்க பக்கத்துல இல்லாதப்ப உங்க பையனோ பொண்ணோ அந்த டப்பாவைத் திறந்தா, யாரையும் கேக்காம அவங்களே அதை ஓட வைக்கிற அளவுக்கு எழுதி வைங்க.